ரெக்கோர்டரிலேயே மிக்சிங்கா, மடிக்கணினியிலா?

வீட்டு அறையிலேயே பாடல் தயாரிக்கும் கொழும்புத் தமிழ் இசைக்கலைஞர்களுக்கு, கணினியின் துணையின்றிப் பல ட்ராக்குகளை (தனித்தனி ஒலிப்பதிவுகளை)ப் பதிவு செய்யும் டிஜிட்டல் ரெக்கோர்டர் இன்னமும் கைகொடுக்கும் கருவிதான். அவற்றின் அளவைப் பொருத்தி ஒரே பாட்டாகக் கலக்கும் மிக்சிங் கட்டத்துக்கு வரும்போதுதான், அதே பெட்டியில் வேலையை முடிப்பதா, ட்ராக்குகளை மடிக்கணினிக்கு மாற்றி ரீப்பர், கியூபேஸ் போன்ற மென்பொருளில் செய்வதா என்ற கேள்வி எழுகிறது. ஒலித்தரத்தைக் காட்டி இதைத் தீர்க்க முடியாது. டாஸ்காம் டிபி-24எஸ்டி என்ற ரெக்கோர்டர் 24 பிட்டில் பதிந்த தரவே எந்தச் சேதமும் இல்லாமல் கணினிக்கும் போய்ச் சேருகிறது. பாடல் ஓடும்போது எத்தனை ட்ராக்குகளின் அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆடிவேல் விழாவுக்கென ஒரு பக்திப் பாடல் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா, கீபோர்ட் என ட்ராக்குகள் சிலவே. பல்லவியில் மத்திம ஸ்தாயியில் அடங்கி நிற்கும் குரல், அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது சட்டென்று உரத்துவிடும். டிபி-24எஸ்டியிலும் ஸூம் ஆர்24 ரெக்கோர்டரிலும் ஃபேடர் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) அசைவைப் பதிந்துவைத்துத் திரும்ப இயக்கும் ஓட்டோமேஷன் வசதி கிடையாது. ஆகவே, ஸ்டீரியோ மிக்ஸ் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே விரலால் குரலின் ஃபேடரை இறக்கி ஏற்ற வேண்டும். 5 நிமிடப் பாடலுக்கு 5 நிமிடம் செல்லும், சரணத்தில் கை தவறினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓட விட வேண்டும். குரல் ஒன்றுக்கு மட்டும் என்றால் இது குறையே அல்ல. தாளம் தெரிந்த ஒருவரின் விரல் ஃபேடரில் இருக்கும்போது வரும் ஏற்ற இறக்கம், திரையில் சுட்டியால் வரைந்த கோட்டைவிடப் பாட்டோடு ஒட்டிப் போகும் என்றே சொல்வேன். வயலினும் மிருதங்கமும் அதே இடத்தில் கவனம் கேட்கத் தொடங்கும்போதுதான் இரண்டு கைகள் போதாமற் போகின்றன. 2001இல் வந்த ரோலண்ட் விஎஸ்-2480இல் மோட்டார் ஃபேடர்களும் ஓட்டோமேஷனும் இருந்தன என்பதை நினைத்தால், பிற்காலத்துச் சிக்கன மொடல்கள் எதைக் கைவிட்டன என்பது புரியும்.

அடுத்தது, உரத்த ஒலியை அடக்கி அளவைச் சீராக்கும் கொம்பிரசர். டிபி-24எஸ்டியில் கொம்பிரசர், டி-எஸ்ஸர் (குரலின் ‘ஸ்’ ஒலியைத் தணிப்பது) முதலியவை பதிவின்போது ஒலி உள்ளே வரும் நுழைவாயில்களுக்கு உரியவை. மிக்சிங் வேளையில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் கிடைப்பது மூன்று பட்டை ஈக்யூவும் (கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), பொதுவான ரிவர்பை (எதிரொலிப்பை) நோக்கி ஒலியை அனுப்பும் செண்டும்தான். பல்பட்டைக் கொம்பிரசர், மிக்ஸுக்கு இறுதி மெருகேற்றும் மாஸ்டரிங் கட்டத்தில் முழு மிக்ஸுக்கும் சேர்த்தே வருகிறது. ஆகையால் மிருதங்கத்தின் வலந்தலை அடி கூர்மையாகத் துருத்தினால் அதைப் பதிவிலேயே கவனித்திருக்க வேண்டும். ஆர்24இல் கொம்பிரசர் போன்ற இன்செர்ட் எஃபெக்டை (ஒலிப்பாதையின் நடுவே நுழைக்கும் ஒலி மாற்றத்தை) ஒரு ட்ராக்கிலோ மாஸ்டர் ஃபேடருக்கு முன்னாலோ போடலாம். ஆனால் எஃபெக்டுகள் 44.1 கிலோஹேர்ட்ஸ் பதிவுகளில் மட்டுமே இயங்கும். காணொளிக்காக 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்தவர் அங்கே வெறுங்கையோடு நிற்பார். கணினியிலோ ஒவ்வொரு ட்ராக்குக்கும் வேண்டிய அளவு கொம்பிரசர்களை அடுக்கலாம். ரீப்பரை 60 நாள் பரீட்சித்துப் பார்த்த பின் தனிநபர் பயன்பாட்டுக்கான சலுகை உரிமத்தை 60 டொலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பதால், மென்பொருள் விலை ஒரு தடையாக நிற்பதில்லை.

வெள்ளவத்தைப் பக்கம் வீடுள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரையோர ரயில் பாதைக்கு அருகே பதிந்த குரல் ட்ராக்கில், இரு வரிகளுக்கு இடையே ரயிலின் இரைச்சல் புகுந்துவிடும். ரெக்கோர்டரிலும் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி குறித்து அந்த இடத்தை மௌனமாக்கலாம். ஒரு பாடலில் பத்துப் பதினைந்து இடங்கள் என்றாலோ பொறுமை போய்விடும். கணினித் திரையில் அலைவடிவத்தைப் பார்த்தே வெட்டிவிடலாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே விடை இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். டிபி-24எஸ்டி அடாப்டரை நம்பியிருப்பது. ஆர்24 ஆறு ஏஏ மின்கலங்களிலும் ஓடும். மடிக்கணினிக்கு அதன் பற்றரியே துணை.

திருத்தங்கள் கேட்கும் பாடகருக்கு வேலை செய்பவர் கணினியையே நாட வேண்டும். ரெக்கோர்டரிலும் ஒரு பாடலின் மிக்சர் நிலைகள் சேமிக்கப்படுகின்றன. ஆனால் மோட்டார் இல்லாத ஃபேடர்கள் கடைசியாகக் கை விட்ட இடத்திலேயே நிற்கும். டொரொன்டோவிலிருந்து “குரலைக் கொஞ்சம் கூட்டுங்கோ அண்ணை” என்று ஒரு செய்தி வந்தால், பழைய மிக்ஸை மீட்டெடுத்து, ஃபேடரைச் சேமித்த அளவுக்கு நகர்த்திப் பிடித்து, அன்று விரல் செய்த ஏற்ற இறக்கத்தை மறுபடியும் செய்துகாட்ட வேண்டும்.

டாஸ்காம் மொடல் 24 போன்ற, அனலொக் மிக்சரும் ரெக்கோர்டரும் ஒன்றான கருவிகள் மூன்றாவது வழி. குமிழைத் திருப்பி மிக்ஸ் செய்யும் இன்பம் அங்கே உண்டு. மீட்டெடுக்கும் வசதி இன்னும் குறைவு. வீட்டில் ஒரு மேசையையே அது விழுங்கிவிடும்.

எனவே குரலும் நான்கைந்து பக்கவாத்தியங்களும் மட்டுமே என்றால், பதிவும் சுத்தமாக இருந்தால், ரெக்கோர்டரிலேயே முடிப்பதை நான் பரிந்துரைப்பேன். கோரஸும் அடுக்குக் குரல்களும் சேர்ந்துவிட்டால் கணினிதான். மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிபி-24எஸ்டியில் ட்ராக்குகளை வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்தால் ஈக்யூ, ஃபேடர் நிலை, ரிவர்ப் எதுவும் கூட வராது. ஆகவே பெட்டியில் போட்ட தோராய மிக்ஸையும் ஒரு ஸ்டீரியோ கோப்பாக எடுத்துக் கணினியில் முதல் ட்ராக்காக வைத்துக்கொள்வது நல்லது. 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக்குக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 எம்பி வேண்டும். 24 ட்ராக்குகள் கொண்ட 5 நிமிடப் பாடல் 1 ஜிபியை நெருங்கும். ரெக்கோர்டரின் எஸ்டி கார்டை அடுத்த பதிவுக்கு அழிக்குமுன் அதற்கான இடம் மடிக்கணினியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.