வேன் என்ஜின் போர்ஷே: 924-ஐ வருடக்கணக்கில் வைத்து ஓட்டினால்

1976-ல் போர்ஷேயின் 924 ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது அதன்மேல் சொல்லப்பட்ட குறைகள் மூன்று. ஃபோக்ஸ்வாகனுக்காகத் தொடங்கிய வடிவமைப்பு. கட்டுவது ஆடியின் நெக்கார்சுல்ம் தொழிற்சாலை. என்ஜின் ஃபோக்ஸ்வாகன் எல்டி வேனிலும் ஓடுவது. மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த வண்டியை வைத்திருப்பவர்களை அலைக்கழிப்பது இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வேன் என்ஜின் கதையை முதலில் முடித்துவிடலாம். 1984 சிசி வார்ப்பிரும்பு பிளாக் இரண்டுக்கும் பொது. போர்ஷே தன் சிலிண்டர் ஹெட்டையும் பெட்ரோலை விடாமல் பீய்ச்சும் பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனையும் பொருத்தியதால், வேனில் 75 குதிரைத்திறன் தந்தது இங்கே 125 ஆனது. அமெரிக்காவுக்குப் போன முதல் வண்டிகளில் 95 மட்டுமே; அங்கே மந்தமான கார் என்று பெயர் வாங்கியதில் தவறில்லை. வேகம் ஏற ஏற என்ஜின் இரைகிறது, அதிர்கிறது. அதற்கு யார் சமாதானம் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் முரட்டு உழைப்பு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் ஓடும்போதே அறுந்தாலும் இந்த 2.0 என்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. புது பெல்ட் போட்டுக் கிளம்பலாம்.

ஓட்டிப் பார்த்தால் மதிப்பு தெரிவது வளைவுகளில்தான். என்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். எடை முன்பின்னாக ஏறக்குறைய 48:52. மொத்தமே 1,080 கிலோ அளவுதான். நடு வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜினைப் பின்னால் வைத்த அந்தக் கால போர்ஷே 911 பின்பக்கத்தை வீசும். 924 மூக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்டீயரிங் தொடையில் இடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், உயரமானவர்களுக்கு அது தீராத தொல்லை.

பெயர் கெட்டதற்கு மலிவான மறுவிற்பனை விலைக்கும் பெரும் பங்கு உண்டு. போர்ஷே வேண்டும், ஆனால் போர்ஷே செலவு வேண்டாம் என்று வாங்கியவர்கள் கையில் இவை பல தடவை மாறின. ஒவ்வொருவரும் ஒரு வேலையை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள். இன்று சந்தையில் நிற்கும் வண்டியின் கோளாறுகளில் பாதி, இப்படித் தள்ளிப்போட்ட வேலைகளின் மிச்சம்.

அதற்கு நல்ல உதாரணம் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை. நன்றாக ஓடி வந்த வண்டியை நிறுத்தி, அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது. கே-ஜெட்ரானிக்கில் என்ஜின் நின்ற பிறகும் லைனில் அழுத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துக்கொள்ளும். இதற்கு இன்ஜெக்டர், பெட்ரோலைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் ஃபியூல் டிஸ்ட்ரிப்யூட்டர் என்று விலை உயர்ந்த சாமான்களை மாற்றச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அதற்கு முன் ஃபியூல் டிஸ்ட்ரிப்யூட்டருக்கும், குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே பிரஷர் கேஜ் மாட்டி, சூடான என்ஜினை நிறுத்தி முள்ளைக் கவனியுங்கள். மளமளவென்று இறங்கினால், டாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை இறுக்கிப் பிடித்து மறுபடி பாருங்கள். இப்போது இறங்காவிட்டால் டிஸ்ட்ரிப்யூட்டரில் உள்ள பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங்கைச் சந்தேகிக்கலாம். அப்போதும் இறங்கினால், பெட்ரோல் பின்னால் போகாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, அல்லது அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர். அக்யூமுலேட்டரின் பின்வாயில் இருக்கும் சின்ன ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதில் பெட்ரோல் வடிந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. பெரும்பாலும் இந்த இரண்டு சின்னச் சாமானோடு வேலை முடியும்.

அடுத்தது பேட்டரித் தட்டு. என்ஜின் அறையின் பின்மூலையில், முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பேட்டரி அமிலம் பெயிண்டைத் தின்னும், வடிகால் துளையைச் சருகு அடைக்கும், தேங்கிய தண்ணீர் தகட்டை ஓட்டை போடும். பிறகு மழை பெய்தால் பக்கத்து சீட்டின் கால்வைக்கும் இடத்துக் கார்ப்பெட் நனையும். கதவு ரப்பர் போய்விட்டது என்று விற்பவர் சொன்னால் பேட்டரியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். துத்தநாகம் பூசிய உடல் என்பதால் மற்ற இடங்களில் துரு குறைவு. முதல் சில வருட வண்டிகளில் அந்தப் பூச்சு முழுமையானதல்ல.

என்ஜினையும் பின் கியர்பாக்ஸையும் இணைக்கும் குழாயான டார்க் டியூபையும் காது கொடுத்துக் கேளுங்கள். கிளட்ச் முன்னால் இருப்பதால், பின் கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய தண்டு என்ஜின் வேகத்திலேயே சுற்றும். நியூட்ரலில் கரகரப்பு வந்து, கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால் டியூப் பேரிங்கையும் கணக்கில் சேருங்கள். கிளட்ச் ரிலீஸ் பேரிங் என்றால் நேர் எதிராக, மிதிக்கும்போதுதான் சத்தம் போடும். கிளட்ச் மாற்ற எக்ஸாஸ்ட்டை இறக்கி, கியர்பாக்ஸையும் டியூபையும் பின்னால் நகர்த்த வேண்டும். ஆகவே ஒரே தடவையில் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் கிராங்க் சீல், டியூப் பேரிங் எல்லாவற்றையும் முடித்துவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

டாஷ்போர்டு வெடிப்பு, டிக்கிக் கண்ணாடி ஃபிரேமிலிருந்து பிரிவது, ஓடோமீட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைவது: எல்லா 924-க்கும் உண்டு, பேரம் பேச உதவும்.

1986 முதல் 1988 வரை வந்த 924எஸ் வேறு கணக்கு. அதில் 924-இலிருந்து வளர்ந்த அகலமான மாடலான போர்ஷே 944-இன் 2.5 லிட்டர் என்ஜின், 150 குதிரைத்திறன், கடைசி வருடம் 160. குறுகிய உடல் என்பதால் காற்றுத் தடை குறைவு, ஓட்டத்தில் 944-க்குச் சளைக்காது. ஆனால் இங்கே பெல்ட் அறுந்தால் வால்வு வளையும். கேம் பெல்ட் (டைமிங் பெல்ட்தான்), அதிர்வைக் குறைக்கும் தண்டுகளைச் சுற்றும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் இரண்டையும் ரோலர்களோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். முன் சீல் கசிந்து பெல்ட்டில் எண்ணெய் பட்டால் நாள் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். என்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் தரும் டிஎம்இ ரிலே ஒன்று உபரியாக டாஷ்போர்டு பெட்டியில் கிடக்கட்டும். உள்ளே சால்டர் விரிசல் விட்டால் வண்டி சொல்லாமல் நின்றுவிடும்.

எந்த மாடலை எடுத்தாலும் முதல் செலவு என்ஜின் அறையின் ஃபியூல் ஹோஸ்கள். பழைய ரப்பர் வெடித்து, சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே மிஞ்சாது. அலாய் வீலும் பெயிண்டும் அதற்குப் பிறகு.