கான்வேஸ் ஐரிஷ் ஏல்: கால் மணி நேரம் காத்திருக்க வேண்டிய பியர்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரில் 1988-இல் தொடங்கப்பட்ட கிரேட் லேக்ஸ் பியர் ஆலை, மார்ச் 17-ஆம் நாள் வரும் அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாளை முன்னிட்டு ஆண்டின் முதல் மாதங்களில் மட்டும் கடைகளுக்கு அனுப்புவது கான்வேஸ் ஐரிஷ் ஏல். ஏல் என்பது குளிரில் வைக்காமல் சற்று வெதுவெதுப்பில் புளிக்கவைக்கும் பியர்; இது அயர்லாந்தின் சிவப்பு ஏல் வகையைச் சேர்ந்தது. ஆலையை நிறுவிய பேட்ரிக், டேனியல் கான்வே சகோதரர்களின் தாத்தா போக்குவரத்துக் காவலராக இருந்தவர். பியருக்கு வைத்திருப்பது அவருடைய பெயரைத்தான்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு 355 மில்லி புட்டியைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். பெயரில் சிவப்பு இல்லாவிட்டாலும் நிறத்தில் இருக்கிறது: மேசையில் வைத்துப் பார்த்தால் செம்பு, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விளிம்பில் மாதுளைச் சாற்றின் சாயல். ஒரு விரற்கடை எழும்பிய நுரை இரண்டு மூன்று நிமிடங்களில் மெல்லிய படலமாக அடங்கிவிட்டது. முதல் மடக்கில் குளிர்ச்சியையும் குமிழையும் தவிர எதுவும் பிடிபடவில்லை. இதற்கா இவ்வளவு பேச்சு என்றுகூடத் தோன்றியது.

குவளையை அப்படியே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது வாசனையே மாறியிருந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டியின் மேல்தோல், அதன் பின்னால் பாகு பதம் தாண்டிச் சிவக்கத் தொடங்கிய சர்க்கரை. நாவிலும் முதலில் அந்தத் தித்திப்புதான் தெரிகிறது. ஆனால் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிராமல், விழுங்கியவுடன் வறுத்த தானியத்தின் வறட்சி வந்து துடைத்துவிட்டுப் போகிறது. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இருக்கும் இடம் தெரியாமல் இருக்கிறது. இந்த வகை ஏல்களில், வெளிறிய மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி), முளைகட்டாமல் கறுக்க வறுத்த பார்லியை மிகச் சிறிதளவு சேர்ப்பது வழக்கம்; நிறத்தையும் இறுதியில் வரும் வறட்சியையும் ஒருங்கே தருவது அந்தச் சிறிதளவுதான். கை சற்றுத் தாராளமானால் ஸ்டவுட் என்னும் கறுப்பு பியரின் காபிக் கசப்பு எட்டிப்பார்த்துவிடும். கான்வேஸில் அந்த அளவு தவறவில்லை.

எனக்குள்ள குறை இதன் வீரியம் பற்றியது. ஆல்கஹால் 6.3 விழுக்காடு. அயர்லாந்தின் கில்கெனி நகரில் 1710-இல் தொடங்கிய ஸ்மித்திக்ஸ் ஆலையின் மரபில் வந்த ஏல்கள் பெரும்பாலும் நான்கு, நான்கரையை ஒட்டியே நிற்பவை. மதுக்கூடத்தில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக இரண்டு மூன்று குவளை இறக்குவதற்கானவை. கான்வேஸை அப்படிக் குடிக்க முடியாது. இரண்டாவது குவளையின் பாதியிலேயே தொண்டையில் இளஞ்சூடு ஏறிவிடுகிறது. அதற்காக இதைப் போலி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அயர்லாந்தின் என்னிஸ்கார்த்தி ஊரில் 1956-இல் மூடப்பட்ட லெட் ஆலையின் மரபுப் பெயரைக் கொண்டு கூர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற கில்லியன்ஸ் ஐரிஷ் ரெட், ஏலே அன்று, குளிரில் மெல்லப் புளிக்கவைக்கும் லாகர். அதை அறிந்தவருக்கு இந்தக் கூடுதல் வீரியம் சிறிய பிழையாகத்தான் படும். வெளியே பனி கொட்டும் பிப்ரவரி மாலையில் ஒரே ஒரு குவளை என்றால், அது பிழையாகவும் தெரியாது.

வாங்கும்போது புட்டியில் உள்ள தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. சென்ற ஆண்டு கோடையில், கடை ஒன்றின் சன்னலோர அடுக்கில் வெயில் பட்டுக் கிடந்த இதே பியரை எடுத்துவந்து ஏமாந்தேன். மால்ட்டின் மணம் போய் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடைதான் மிஞ்சியிருந்தது. மால்ட்டை நம்பி நிற்கும் பியர் என்பதால் பழமையை மறைக்க ஹாப்ஸும் துணைக்கு வராது.

உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும்தான் அமெரிக்க ஐரிஷ் குடும்பங்களில் அந்தத் திருநாளுக்குரிய உணவு. நான் முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டியோடு அருந்தினேன்; அதன் உப்பும் புளிப்பும் சிவந்த சர்க்கரைச் சுவையை இன்னும் தூக்கிக் காட்டின. ஆறு புட்டிக் கட்டில் இன்னும் நான்கு இருக்கின்றன. இனி இரவு உணவுக்குத் தட்டு வைக்கும்போதே ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிடுவேன்.