கோடு போட்ட சாக்லேட் வெண்ணிலா கேக்: வரிக்குதிரையா, அடுக்கா, நிமிர்ந்த சுருளா?

சாக்லேட்டும் வெண்ணிலாவும் மாறி மாறிக் கோடாகத் தெரியும் கேக்கை வீட்டில் செய்ய மூன்று வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு நிற மாவையும் ஒரே பாத்திரத்தில் கரண்டி கரண்டியாக ஊற்றி ஒன்றாக வேகவிடுவது முதல் வழி. வெட்டினால் வரி வரியாகத் தெரிவதால் அதற்கு வரிக்குதிரை கேக் என்று பெயர். தனித்தனியாகச் சுட்ட வட்டங்களைக் கிரீம் தடவி அடுக்குவது இரண்டாவது. மெல்லிய கேக்கை நீளத் துண்டுகளாக நறுக்கிச் சுருட்டி, சுருளை நிமிர்த்தி வைப்பது மூன்றாவது. இதில் கோடுகள் மேலிருந்து கீழாக நிற்கும்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீடு ஓசூர்ப் பக்கமா, அரூர்ப் பக்கமா?" என்பதைத்தான். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். தளியின் குளிரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் அதைக் குட்டி இங்கிலாந்து என்றே அழைத்தார்கள். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அதில் பாதி உயரம்தான். அரூர், ஊத்தங்கரை இன்னும் தாழ்வு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை நண்பகலில் தர்மபுரி வெயில் 38 டிகிரியைத் தொடுவது வழக்கம். ஆகவே கோடுகளைத் தாங்கி நிற்பது வெந்த மாவா, குளிர்ந்த கிரீமா என்பதுதான் நம் ஊரில் முதல் கேள்வி. அழகும் சுலபமும் அதற்குப் பிறகு.

வரிக்குதிரை கேக்

இதில் கிரீமே கிடையாது. கோடு மாவிலேயே பிறக்கிறது, வெந்ததும் நிலைத்துவிடுகிறது. மே மாத மதியத்தில் மேசைமேல் வைத்தாலும் ஒன்றும் ஆகாது, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பாலக்கோடு வரை போனாலும் குலையாது. தாழ்வான ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

இங்கே வெண்ணெய் வேண்டாம், எண்ணெய்தான் வேண்டும். வெண்ணெய் சேர்த்த மாவு கெட்டியாகக் குவிந்து நிற்கும். எண்ணெய் மாவு தானாக ஓடிப் பரவும். பரவினால்தான் வளையம், வளையம் இருந்தால்தான் கோடு. 20 சென்டிமீட்டர் வட்டப் பாத்திரத்துக்கு மூன்று முட்டை, 180 கிராம் சர்க்கரை, மணமில்லாத எண்ணெய் 180 மில்லி, பால் 180 மில்லி. முட்டையும் சர்க்கரையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, எண்ணெயையும் பாலையும் கலந்து, மைதா சேர்ப்பதற்கு முன்பே இந்தக் கலவையைத் தராசில் வைத்து இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பாதிக்கு 340 கிராம் வரும். ஒரு பாதியில் 120 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், வெண்ணிலா எசென்ஸ். மறுபாதியில் 100 கிராம் மைதா, 20 கிராம் கோகோ, அதே அளவு பேக்கிங் பவுடர்.

மாவை முழுதாகக் கலந்த பிறகு ஒரு பாதியில் கோகோவைக் கொட்டச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. அது எனக்கு ஏற்பில்லை. கோகோ ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மைதாவில் அதே அளவு குறைக்காமல் அப்படியே சேர்த்தால் சாக்லேட் மாவு இறுகிவிடும். இரண்டு மாவும் ஒரே இளக்கத்தில் இல்லையென்றால் இளகிய மாவு விளிம்புக்கு ஓடும், கெட்டியானது நடுவில் கட்டிபோல் நிற்கும். வெட்டிப் பார்த்தால் கோடுகளுக்குப் பதில் திட்டுகள் இருக்கும். ஊற்றுவதற்கு முன் இரண்டு கிண்ணத்திலும் கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். விழும் மாவு மேலே ஒரு நாடாவாகக் கிடந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் மறைய வேண்டும். சாக்லேட் பிந்தினால் ஒரு கரண்டி பால் சேர்த்தால் போதும்.

இனி ஊற்றுவது. பாத்திரத்தின் நட்டநடுவில் மூன்று மேசைக்கரண்டி வெண்ணிலா மாவு. அது தானாக அகலும்வரை காத்திருந்து, அதன் நடுவிலேயே மூன்று மேசைக்கரண்டி சாக்லேட். அடுத்தது மறுபடி வெண்ணிலா, மறுபடி அதே இடம். ஒவ்வொரு கரண்டியும் முன்னதை வெளியே தள்ளிக்கொண்டு போகும். பாத்திரத்தைத் தட்டவும் கூடாது, ஆட்டவும் கூடாது. பாதி தாண்டியதும் இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்தால் மேல் வளையங்கள் மெலிந்து, துண்டில் கோடுகள் நெருக்கமாக வரும். 170 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம் வேகும்.

ஓவன் இல்லாத வீட்டிலும் இது நடக்கும் என்பது இதன் பெரிய பலம். அடி கனமான பழைய குண்டானில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, பாத்திரத்தை உள்ளே இறக்கிச் சிறு தீயில் விட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். மேல்புறம் சிவக்காது, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, அழகு உள்ளேதான் இருக்கிறது. ஓவனில் வைத்து மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் தாண்டியிருந்தால் உள்ளிருக்கும் சூட்டில் கேக் பெரும்பாலும் தப்பித்துவிடும். முதல் கால் மணி நேரத்திலேயே போனால் நடுப்பகுதி அமுங்கும். அடுப்புக் குண்டானுக்கு அந்தக் கவலையே இல்லை.

புரட்டாசியில் முட்டை தொடாத வீடுகளுக்கும் மூன்று வழிகளில் இது ஒன்றுதான் எளிதாக வளைந்து கொடுக்கிறது. மூன்று முட்டைக்குப் பதில் 180 மில்லி கெட்டித் தயிரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்து, எண்ணெயையும் பாலையும் தலா 120 மில்லியாகக் குறைத்து, பேக்கிங் பவுடரையும் பாதியாக்கிக்கொள்ளலாம். நிறை மாறுவதால் இரண்டாகப் பிரிக்கும்போது தராசை மறுபடி பார்க்க வேண்டும்.

குறை என்னவென்றால், கோடு நேராக வராது. வளைந்து, மெலிந்து, தடித்து, ஒவ்வொரு துண்டிலும் வேறு மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கும். அளவெடுத்தாற்போல் கோடு வேண்டும் என்பவர்களுக்கு இது மனநிறைவு தராது.

அடுக்கு கேக்

பேக்கரியில் நாம் பார்த்துப் பழகியது இது. ஒரு வெண்ணிலா, ஒரு சாக்லேட் எனப் பதினெட்டு சென்டிமீட்டரில் இரண்டு சுட்டு, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாகப் பிளந்தால் நான்கு கோடுகள். தெளிவில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. வெந்த பிறகு அடுக்குவதால் நிறங்கள் கலக்கவே வழியில்லை, மாவின் இளக்கம் பற்றிய கவலையும் இல்லை.

சமமாகப் பிளப்பதுதான் பலருக்குச் சிக்கல். கத்தியைவிடத் தையல் நூல் மேல். கேக்கை முழுதும் ஆறவைத்து, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் இறுகவிட்டு, பாதி உயரத்தில் சுற்றிலும் பல்குச்சிகளைக் குத்திக்கொள்ளுங்கள். குச்சிகளின் மேலாக நூலைச் சுற்றி, இரண்டு முனைகளையும் குறுக்காக மாற்றிப் பிடித்து மெல்ல இழுத்தால் நூல் நடுவரை சென்று ஒரே மட்டமாக அறுத்துவிடும்.

ஆனால் இந்தக் கேக் முழுதும் கிரீமை நம்பி நிற்கிறது. கோடைக்குத் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம் வெண்ணெய்க் கிரீமைவிடத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதை உறைநிலையில் வைத்திருந்து, ஃபிரிட்ஜில் இளகவைத்து, குளிர்ச்சி மாறாமல் அடிக்க வேண்டும். நீண்ட மின்வெட்டு வந்தால் அந்தச் சங்கிலி நடுவிலேயே அறுந்துவிடுகிறது. மேல் அடுக்குகள் மெல்லச் சரியத் தொடங்கினால் கோடும் சாய்ந்துவிடும்.

இதற்குக் கிருஷ்ணகிரியிலேயே நல்ல மாற்று இருக்கிறது. வெயிலின் உச்சத்தில்தான் இங்கே மாம்பழமும் வந்து குவிகிறது. மாங்கூழ் ஆலைகள் ஓட்டமாக ஓடும் காலமும் அதுதான். நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் பழத்தின் கூழில் இயல்பாகவே ஒரு புளிப்பு உண்டு. கால் கிலோ கூழுக்கு நூறு கிராம் சர்க்கரை சேர்த்து, கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடியில் தடம் விழும்வரை சுண்டக் காய்ச்சி, அடுக்குகளுக்கு நடுவே மெல்லத் தடவினால் அது உருகாது, அடுக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெண்ணிலாவுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். சாக்லேட்டின் கசப்பும் மாம்பழத்தின் புளிப்பும் நன்றாகவே சேர்கின்றன. கோடையில் அடுக்கு கேக்தான் வேண்டும் என்பவர்கள் கிரீமை விட்டுவிட்டு இப்படிச் செய்யட்டும்.

நிமிர்ந்த சுருள்

மூன்றில் வேலை அதிகம் இதற்குத்தான். வெட்டும்போது சுற்றி நிற்பவர்கள் அதிகம் வியப்பதும் இதற்குத்தான். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண கேக். துண்டை எடுத்தால் கோடுகள் தூண்கள்போல் நிற்கும்.

25க்கு 35 சென்டிமீட்டர் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒரு வெண்ணிலாவும் ஒரு சாக்லேட்டும் சுட வேண்டும். தட்டுக்கு நான்கு முட்டை, நூறு கிராம் சர்க்கரை, 80 கிராம் மைதா. சாக்லேட்டுக்கு அதில் 20 கிராமைக் கோகோவாக மாற்றிக்கொள்ளலாம். வெண்ணெய், எண்ணெய், பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். முட்டை நுரைதான் கேக்கை உப்ப வைக்கிறது. ஆகவே நன்றாக அடித்து, மைதாவை மெதுவாக மடித்துக் கலக்க வேண்டும். 190 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். அதற்குமேல் விட்டால் விளிம்பு காய்ந்து, சுருட்டும்போது வெடிக்கும். தட்டு வாங்குவதற்கு முன் ஓவனின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சிறிய ஓவன்களில் 35 சென்டிமீட்டர் தட்டு நுழையாது. தட்டு சுழலும் மைக்ரோவேவ் ஓவனில் செவ்வகத் தட்டு சுற்றவே சுற்றாது. அடுப்புக் குண்டான் இதற்கு ஆகாது.

ஒவ்வொரு கேக்கையும் எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகளாக நறுக்கினால், பட்டையின் அகலமே நிமிர்த்திய கேக்கின் உயரமாகிவிடும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. வெண்ணிலாப் பட்டை முடிந்த இடத்தில் சாக்லேட் பட்டையை ஒட்டி, ஒற்றை வரிசையாகச் சுருட்டினால் நிறம் ஒழுங்காக மாறாது. ஒரு துண்டில் இரண்டு சாக்லேட் பக்கத்தில் பக்கத்தில் வரும், மறுபக்கம் வெண்ணிலாவே நிறைந்திருக்கும். வெண்ணிலாப் பட்டையில் கிரீம் தடவி, அதன்மேல் சாக்லேட் பட்டையை வைத்து, மறுபடி கிரீம் தடவி, இரண்டையும் சேர்த்தே சுருட்ட வேண்டும். அப்போதுதான் எந்தப் பக்கம் வெட்டினாலும் நடுவிலிருந்து விளிம்புவரை இரண்டு நிறமும் மாறி மாறி வரும். இரட்டைப் பட்டை கிரீமோடு இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். மூன்று ஜோடிகளையும் முனையோடு முனை சேர்த்தால் 105 சென்டிமீட்டர் நீளம். சுருட்டி முடித்தால் சுமார் பதினெட்டு சென்டிமீட்டர் விட்டம், ஒரு துண்டில் ஏழு கோடுகள் வரை.

நடுச்சுற்றில் வளைவு மிகக் கடுமையாக இருப்பதால் இரட்டைப் பட்டை அங்கே உடையும். முதல் ஏழெட்டு சென்டிமீட்டருக்கு வெண்ணிலாவை மட்டும் தனியாகச் சுருட்டிவிட்டு, அதன்பிறகு சாக்லேட்டைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கேக் சூடாக இருக்கும்போதே துணியோடு ஒருமுறை சுருட்டி ஆறவைத்தால் வளைவுக்குப் பழகிவிடும்.

உள்ளே தடவ மட்டும் கால் லிட்டர் கிரீமை அடிக்க வேண்டியிருக்கும். வெளியே பூச அதில் பாதி. இவ்வளவு கிரீம் ஒரே கேக்கில் இருப்பதால் தாழ்வான ஊர்களில் ஐப்பசியிலிருந்து மாசிவரைதான் இதைத் தொடச் சொல்வேன். ஓசூர், தளிக்காரர்களுக்குக் கோடை உச்சத்தைத் தவிர ஏறக்குறைய ஆண்டு முழுதும் கைகொடுக்கும்.

இந்த மூன்றுக்கும் வெளியே நான்காவது ஒன்றும் உண்டு. ஒரு மெல்லிய அடுக்கை ஊற்றி மேல்தீயில் சிவக்கவைத்து, அதன்மேலேயே அடுத்ததை ஊற்றுவது. கோவாவின் பெபிங்கா, இந்தோனேசியாவின் லாப்பிஸ் லெகிட் எல்லாம் இந்த முறைதான். கோடு மிக நுணுக்கமாக வரும். ஆனால் முட்டைக்கரு ஏராளமாகச் செலவாகும், ஓவனை விட்டு நகர முடியாது, நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும். நம் வீடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

ராகி விளையும் மாவட்டங்களில் இருந்துகொண்டு முழுக்க மைதாவிலேயே செய்ய வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சாக்லேட் பகுதியில் மைதாவின் மூன்றில் ஒரு பங்கை ராகி மாவாக்கலாம். நிறம் இன்னும் அடர்த்தியாகும், சுவையும் கோகோவோடு ஒத்துப்போகும். அடுக்கு கேக்கில் தாராளமாகச் செய்யலாம். வரிக்குதிரை கேக்கில் ராகி மாவு நிற்க நிற்க இறுகும் என்பதால் கலந்தவுடன் ஊற்றிவிட வேண்டும். சுருளில் சேர்க்கவே கூடாது. ராகியில் பசைத்தன்மை தரும் குளூட்டன் இல்லை, பட்டை வளையும் இடத்திலெல்லாம் விரிசல் விடும்.

மேட்டு நிலத்துக்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு. 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் கேக் வேகமாக எழும்பி, வேகும் முன்பே அமுங்கப் பார்க்கும். வரிக்குதிரை கேக்கில் ஒவ்வொரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரிலும் ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்ளுங்கள். சுருளில் அது இல்லாததால், நுரையைச் சற்று இளக்கமாகவே நிறுத்திவிட்டால் போதும்.

வெட்டுவதிலும் மூன்றும் வேறுபடுகின்றன. வரிக்குதிரை கேக்கை முழுதும் ஆறிய பிறகு, பல் வைத்த கத்தியால் நட்டநடு வழியாக வெட்ட வேண்டும். ஓரத்தில் வெட்டினால் வரி வரியாகத் தெரியாமல் அகலப் பட்டையாகத்தான் தெரியும். அடுக்கையும் சுருளையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வெட்டுங்கள். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் மறுபடி துடைக்க வேண்டும். துடைக்காத கத்தி சாக்லேட் துகளை வெண்ணிலாக் கோட்டின்மேல் இழுத்துக்கொண்டு போகும்.