மெக்செயின் வேத வாசிப்பு அட்டவணை: ஓராண்டு பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிற எனக்கு, வீட்டில் வேதம் வாசிக்கக் கிடைப்பது அடுப்பில் பால் பொங்குவதற்கும் பிள்ளைகளை எழுப்புவதற்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே. ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோன ஆண்டுகள் பல உண்டு. ஆகவே சென்ற ஆண்டு ராபர்ட் மர்ரே மெக்செயின் என்ற ஸ்காட்லாந்து போதகர், வேதாகமம் முழுவதையும் ஓராண்டில் வாசிக்க வகுத்த அட்டவணையை எடுத்துக்கொண்டேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதை அச்செடுத்து, ஆங்கிலச் சுருக்கங்களுக்கு மேலே பென்சிலால் தமிழ்ப் பெயர்களை எழுதி, வேதாகமத்தின் பின்னட்டைக்குள் மடித்து வைத்தேன்.

டண்டீ நகரிலுள்ள பரிசுத்த பேதுரு சபையின் மக்களுக்காக 1842 டிசம்பரில் அவர் இதை வகுத்தார். அடுத்த மார்ச்சில், 29 வயதில், காய்ச்சல் கண்டு இறந்துபோனார். தாம் வகுத்த ஆண்டை அவரே முடிக்கவில்லை என்பதை நினைக்கும்போது, பின்தங்கிவிட்ட எனக்குச் சிறிது ஆறுதலாகவே இருந்தது.

அட்டவணைப்படி நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்கள்: இரண்டு குடும்பமாக வாசிக்க, இரண்டு தனிமையில் வாசிக்க. தனி வாசிப்புக்கு அவர் இட்ட ஆங்கிலத் தலைப்புக்கு, மத்தேயு 6-இல் வருகிற ‘அந்தரங்கம்’ என்ற சொல்லையே நான் எழுதிக்கொண்டேன். ஆண்டு முடியும்போது பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடிந்துவிடும்.

இதன் உண்மையான பயன் வேகமன்று. வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த அதிகாரங்கள் ஒன்றையொன்று உரசுவதுதான். ஜனவரி 1 அன்று இரவு ஜெபத்தில் என் இளைய மகன் மத்தேயு 1-இன் வம்ச அட்டவணையை வாசித்து, ‘சொரொபாபேல்’ என்ற இடத்தில் மூன்று முறை தடுக்கினான். மறுநாள் பேருந்தில் எஸ்றா 2-ஐத் திறந்தால், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்களின் முதற்பெயராக அதே மனிதர் ‘செருபாபேல்’ என்ற எழுத்தில் நிற்கிறார். இத்தனை ஆண்டுகளாக இவர்களை இரண்டு பேராகவே நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே நாளுக்குரிய அப்போஸ்தலர் 2-இல் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்படுகிறார்கள். அதற்குச் சற்றுமுன் எஸ்றாவில் திரும்பிவந்த 42,360 பேரின் கணக்கை வாசித்த கண்ணுக்கு, அந்த எண் வெறும் எண்ணாகத் தோன்றுவதில்லை.

குறையென்றால் தேதிதான். ஒவ்வொரு வரிக்கும் தேதி அச்சிடப்பட்டிருப்பதால், ஒரு நாள் தவறினால் அது கடன்பாக்கியைப் போல உறுத்துகிறது. பிப்ரவரி இறுதியில் 11 நாட்கள் பின்தங்கியிருந்தேன். அதை ஈடுகட்ட ஒலி வேதாகமத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டு போனேன்; வாகைக்குளம் தாண்டுவதற்குள் மூன்று நாள் பகுதி முடிந்திருந்தது, ஆனால் நடத்துநரிடம் சில்லறை வாங்கிய பிறகு எந்த அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்கு நினைவில்லை. இப்படிப்பட்ட கவனமற்ற வாசிப்பையும், வாசித்துவிட்டோம் என்கிற சுயநீதியையும் மெக்செயின் தம் முன்னுரையிலேயே எச்சரிக்கிறார். இது பாரமாகத் தோன்றினால் விலங்கைக் கழற்றி எறிந்துவிட்டு தேவனுடைய தோட்டத்தில் சுதந்திரமாக உண்ணுங்கள் என்றும் சொல்கிறார். அட்டவணையை அச்சிடுகிறவர்கள் பலர் அந்த முன்னுரையை விட்டுவிடுவது பெரிய நஷ்டம்.

ஆகவே மார்ச் முதல் தேதிகளை அழித்துவிட்டு, குடும்பப் பகுதி இரண்டை மட்டும் வாசித்தோம். அந்தரங்கப் பகுதியை இவ்வாண்டுக்கு ஒதுக்கிவைத்தேன். நேரம் குறைந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஈராண்டு முறையைத்தான். பயண நேரத்தில் ஒலியைக் கேட்பதைவிட, மெதுவாக ஓர் அதிகாரத்தைக் கண்ணால் வாசிப்பதே எனக்கு ஒத்துவந்தது. யோபு போன்ற கடினமான இடங்களுக்கு கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995-இல் வெளிவந்த தமிழ் வேதாகமப் பொது மொழிபெயர்ப்பை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதில் சங்கீதம் ‘திருப்பாடல்கள்’ ஆகவும், ஆதியாகமம் ‘தொடக்க நூல்’ ஆகவும் இருப்பதால் பென்சில் குறிப்பு கூடுதலாகத் தேவைப்படும்.

ஈராண்டாகப் பிரித்ததில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. குடும்பப் பகுதியின் பழைய ஏற்பாட்டு வரிசை டிசம்பர் 31 அன்று 2 நாளாகமம் 36-இல், தேவாலயத்தைக் கட்ட யூதர்களை எருசலேமுக்குப் போகச் சொல்லும் கோரேஸ் ராஜாவின் விளம்பரத்தோடு முடிகிறது. என் மாமியார் அதைச் சத்தமாக வாசித்து முடித்த மறுநாள், அந்தரங்கப் பகுதியின் முதல் அதிகாரமாகிய எஸ்றா 1-ஐத் திறந்தேன். அதே ராஜாவின் அதே விளம்பரம் அங்கே தொடங்கிக்கொண்டிருந்தது.