டிவி பேக்லைட் பழுது: ஒரு எல்இடியா, முழு செட்டா, ஷார்ட் போடுவதா?

சத்தம் வருகிறது, படம் இல்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் மெனு மங்கலாகத் தெரிகிறது. அப்படியென்றால் பேனலும் மெயின் போர்டின் படப் பகுதியும் நன்றாக இருக்கின்றன, எரியாதது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் எல்இடி வரிசை, மட்டும்தான்.

ஆனால் உடனே பேனலைக் கழற்ற வேண்டாம். பின்மூடியை மட்டும் திறந்து, எல்இடி பதித்த பட்டையான ஸ்ட்ரிப்புக்குப் போகும் கனெக்டரில் மல்டிமீட்டரை உயர் டிசி ரேஞ்சில் வைத்து டிவியை ஆன் செய்யுங்கள். வோல்டேஜ் விர்ரென்று ஏறி உடனே விழுந்தால், உள்ளே ஓர் எல்இடி ஓப்பன். ஒரு வரிசையில் எல்லாம் சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் ஒன்று அறுந்தாலும் கரன்ட் போகாது. டிரைவர் (எல்இடிகளுக்குக் கரன்ட் தரும் சர்க்யூட்) வோல்டேஜைக் கூட்டிப் பார்த்துவிட்டு புரொடெக்‌ஷனுக்குப் போய், பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். வோல்டேஜ் ஏறவே இல்லையென்றால் மெயின் போர்டிலிருந்து வரும் பேக்லைட் ஆன் சிக்னலையும் டிரைவர் பகுதியையும் பாருங்கள். கவனம்: பவர் சப்ளையில் மெயின்ஸ் வரும் பிரைமரி பக்கத்துப் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

எல்இடிதான் என்று உறுதியானால் வழி மூன்று. இந்த வேலையில் ஆபத்து எல்இடியில் இல்லை, பேனலைத் தூக்குவதில் இருக்கிறது. கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன்களில் ஒன்று கிழிந்தாலும் டிவி போனதுதான். ஆகவே மறுபடி திறக்க வைக்காத வழி எது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

செத்த எல்இடியின் இரு முனைகளையும் நேராக இணைத்து ஷார்ட் போடுவது செலவே இல்லாத வழி. டிரைவர் கான்ஸ்டன்ட் கரன்ட் (எப்போதும் ஒரே அளவு கரன்ட் தருவது) என்பதால் மற்ற எல்இடிகளுக்குக் கரன்ட் கூடாது. மொத்த வோல்டேஜில் 3 அல்லது 6 வோல்ட் மட்டும் குறையும். ஆனால் அந்த இடம் திரையில் நிழலாகத் தெரியும். இரண்டு மூன்று வரிசைகளைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் டிரைவர் என்றால் வித்தியாசத்தைக் கண்டு மொத்தத்தையும் அணைத்துவிடலாம். பழுதை உறுதிப்படுத்த இது நல்ல சோதனை. வாடிக்கையாளரிடம் இப்படியே கொடுத்தனுப்புவது சரியல்ல.

ஒற்றை எல்இடி மாற்றுவது பார்ப்பதற்கு சிக்கனம். அலுமினிய ஸ்ட்ரிப் சூட்டை இழுத்துக்கொள்வதால் சாதாரண அயர்ன் போதாது, ஹாட் பிளேட் வேண்டும். சைஸும் வோல்டேஜும் பொருந்த வேண்டும், போலாரிட்டியை டெஸ்டரில் பார்த்தே வைக்க வேண்டும். பிறகு, எல்இடி மேல் உட்கார்ந்து ஒளியைப் பரப்பும் லென்ஸ். அதன் கால்கள் பழைய புள்ளிகளிலேயே உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் திரையில் வெள்ளைப் பொட்டு விழும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி லென்ஸில் வெண்படலமாகப் படியும். கால்களுக்கு மட்டும் எபாக்ஸி வையுங்கள். இவ்வளவும் சரியாகச் செய்தாலும், பக்கத்து எல்இடிகள் அதே சூட்டில் அதே காலம் எரிந்தவை, அடுத்தது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. திரை ஏற்கெனவே நீலம் பாய்ந்திருந்தால் எல்லாவற்றிலும் நீல ஒளியை வெள்ளையாக்கும் பாஸ்பர் பூச்சு கெட்டுவிட்டது. அங்கே இந்த வழி வீண்.

முழு செட் மாற்றுவதுதான் சரியான வழி. ஒரு ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றினால் பழையதற்கும் புதியதற்கும் நிறம் ஒட்டாமல் பட்டை தெரியும். வாங்கும்போது டிவி மாடல் நம்பரை நம்பாதீர்கள், ஒரே மாடலில் வேறு வேறு பேனல் வருவதுண்டு. ஸ்ட்ரிப்பில் அச்சிட்ட நம்பர், மில்லிமீட்டரில் நீளம், எல்இடி எண்ணிக்கை, இடைவெளி, 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதைக் குறித்துக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போங்கள். 3 வோல்ட் ஸ்ட்ரிப் இருந்த இடத்தில் அதே எண்ணிக்கையில் 6 வோல்ட் போட்டால் தேவைப்படும் வோல்டேஜ் இரட்டிப்பாகி, டிரைவர் மறுபடியும் புரொடெக்‌ஷனுக்குப் போகும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஸ்ட்ரிப்பைத் தகட்டில் முழுதும் படிய ஒட்டுங்கள். தூக்கி நிற்கும் இடத்தில் சூடு இறங்காது, அங்கே எல்இடி சீக்கிரம் போகும்.

முழு செட் போட்டாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: கரன்டைக் குறைப்பது. சூடுதான் எல்இடிகளைக் கொல்கிறது, பல டிவிகளில் தேவைக்கு மேல் கரன்ட் ஓடுகிறது. கரன்டை அளந்து கட்டுப்படுத்த உதவும், டிரைவரின் கரன்ட் சென்ஸ் ரெசிஸ்டர் மொத்தம் 1 ஓம் என்றால் 1.33 ஓம் ஆக்குங்கள், கரன்ட் முக்கால்வாசியாகும். வெளிச்சம் குறைந்தது கண்ணுக்கு அதிகம் தெரியாது. போர்டில் கை வைக்கத் தயக்கமென்றால் மெனுவில் பேக்லைட்டை 100-லிருந்து 60, 70-க்கு இறக்கினாலும் சூடு குறையும்.

ஒளியைச் சீராகப் பரப்பும் டிஃப்யூசர், பிரிசம் ஷீட்களை எடுத்த வரிசையிலேயே வைக்க ஒரு மூலையில் மார்க்கரால் குறியிடுங்கள். பேனலை மூடும் முன் ஸ்ட்ரிப்புகளை அரை மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். மினுக்கும் கனெக்டரும் தளர்ந்த லென்ஸும் அப்போதே தெரிந்துவிடும். 43 இஞ்சுக்கு மேல் என்றால் பேனலைத் தூக்க இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருங்கள்.