அட்டையைத் திருப்பிப் படியுங்கள்: ஆஸ்துமா உள்ளவர்களுக்காக பிரஷர், இதய மாத்திரைகள் பற்றி ஒரு மதிப்பீடு

மெடிக்கல் ஷாப்பில் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி வெள்ளி அட்டையில் இருக்கும் பிரஷர் மாத்திரைகள் எல்லாம் ஆஸ்துமா உள்ளவருக்கு ஒன்றல்ல. ஒன்று மூச்சுக்குழாய்ப் பக்கமே போகாது. அதற்கு அடுத்து இருப்பது, நள்ளிரவில் இழுப்பு வந்து பம்ப் (இன்ஹேலர்) அடித்தாலும் அடங்காதபடி செய்துவிடும். எது எப்படிப்பட்டது என்று கம்பெனி வைத்த பெயர் சொல்லாது. அட்டையில் அச்சடித்திருக்கும் மருந்தின் சொந்தப் பெயர்தான் சொல்லும். ஆகவே இங்கே கம்பெனிகளுக்கு மார்க் இல்லை, மருந்துகளுக்குத்தான். அதுவும் நுரையீரல் பக்கம் நின்று போடும் மார்க்.

'லால்' என்று முடியும் பெயர்களிலிருந்து தொடங்கலாம். புரோப்ரனலால், அட்டெனலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால், நெபிவலால், கார்வெடிலால், லபெட்டலால். எல்லாம் பீட்டா பிளாக்கர் என்ற ஒரே குடும்பம். பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் 'மால்' என்று முடிகிறது. அது இவற்றுக்கு நேர் எதிரி. மருந்து போய் உட்காரும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1 ஏற்பிகள், மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2. சால்பியூட்டமால் பீட்டா-2-இல் போய் உட்கார்ந்தால்தான் இறுகிய குழாய் தளரும். புரோப்ரனலால் போன்றவை இரண்டு இடத்திலும் முன்கூட்டியே துண்டு போட்டு சீட் பிடித்துவிடுகின்றன. அப்புறம் பம்ப் நான்கு முறை அடித்தாலும் எட்டு முறை அடித்தாலும் மருந்துக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். குழாய் சுருங்குவது ஒரு ஆபத்து. காப்பாற்ற வேண்டிய பம்ப் கைவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

புரோப்ரனலால்: ஆஸ்துமாவுக்குப் பூஜ்யம் மார்க், மறுபேச்சில்லை. இதில் சிக்கல் என்னவென்றால், இன்று இதைப் பிரஷருக்கு எழுதுவது குறைவு. ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம், தைராய்டு படபடப்பு, மேடைப் பயம், கல்லீரல் சுருக்க நோய் என்று வேறு வாசல்கள் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. தலைவலிக்கான ஃப்ளூனரிஸினோடும், பதற்றத்துக்கான தூக்க மாத்திரையோடும் சேர்த்த கூட்டு மாத்திரைகளும் உண்டு. தலைவலி டாக்டரிடம் போகிறவர் "எனக்கு வீசிங் உண்டு" என்று சொல்லத் தோன்றாமல் இருப்பது இயல்பு, அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 10 மில்லிகிராம்தானே என்று அலட்சியம் வேண்டாம். இந்த மருந்தின் சின்ன அளவும் சிலருக்குப் போதும்.

கார்வெடிலாலுக்கும் அதே மார்க். இதயம் பலவீனமானவர்களுக்கு நல்ல மருந்து என்ற பெயர் அதற்கு உண்டு, நியாயமான பெயர்தான். ஆனால் பீட்டா-2-ஐயும் அடைக்கிறது. லபெட்டலாலும் அப்படித்தான், கர்ப்பகாலப் பிரஷருக்கு அதிகம் எழுதப்படுவது. ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிக்கு நிஃபெடிபின் அல்லது மெத்தில்டோபா கேட்டுப் பெறலாம்.

அட்டெனலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால், நெபிவலால் நால்வரும் இதயத்தைப் பார்த்துக் குறிவைப்பவர்கள். குறி பிசகாது என்று சொல்ல முடியாது. அளவு ஏற ஏறப் பிசகும். மெட்டோபுரோலால் 25-இல் அடக்கமாக இருப்பவர் 100-இல் அப்படி இருப்பார் என்று உத்தரவாதம் இல்லை. நால்வரில் பைசோபுரோலாலும் நெபிவலாலும் மற்ற இரண்டைவிடக் குறி தப்பாதவர்கள். வெறும் பிரஷருக்காக ஆஸ்துமாக்காரருக்கு இவற்றில் ஒன்றை முதல் மாத்திரையாக எழுதுவதில் எந்த லாபமும் இல்லை. வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. மாரடைப்பு வந்தவர், இதயத்தின் பம்பிங் குறைந்தவர், துடிப்பு தாறுமாறாகிவிட்டவர் என்றால் கணக்கு மாறும். ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலும், மாரடைப்பு போன்ற தேவை இருக்கும்போது குறிவைத்து வேலை செய்யும் பீட்டா பிளாக்கருக்கு ஆஸ்துமா முழுத் தடையல்ல, லாப நஷ்டம் பார்த்துக் கொடுக்கலாம் என்கிறது. 'ஆஸ்துமா என்றாலே தொடக்கூடாது' என்று இதய மருந்தைப் பறித்துக்கொள்வதும் தவறுதான்.

தொடங்கும் முறைதான் இதில் பாதி மருந்து. ஆஸ்துமா அடங்கியிருக்கும் நாளில், பைசோபுரோலால் என்றால் 1.25 மில்லிகிராமில், டாக்டர் கண்காணிப்பில் தொடங்க வேண்டும். சளி, இழுப்பு இருக்கும் வாரத்தில் கூடாது. அளவை ஏற்றுவதும் மெதுவாக, குறைந்தது இரண்டு வாரம் விட்டு. தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பீக் ஃப்ளோ மீட்டரில் அளந்து நோட்டில் எழுதுங்கள். இது ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கவாட்டில் நகரும் முள், விலையும் பெரிதல்ல. நின்றுகொண்டு, முள்ளைக் கீழே இறக்கி, முழு மூச்சு இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கி, நாக்கு துளையை மறைக்காமல், மெழுகுவர்த்தியை அணைப்பது போல 'ஃபூ' என்று ஒரே வேகத்தில் ஊதணும். நீட்டி ஊதத் தேவையில்லை, வேகம்தான் முக்கியம். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதணும்; சராசரி போடக்கூடாது. காலை, இரவு இரண்டு வேளை. ஒருவருடைய நல்ல நாள் எண் 400 என்று வைத்துக்கொண்டால், மாத்திரை தொடங்கியபின் 320-க்குக் கீழே இறங்கினால் டாக்டருக்குப் போன். 200-க்குக் கீழே என்றால் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரி. இரவு இருமல் புதிதாக வந்தாலும், வாரத்துக்கு ஒருமுறை அடித்த பம்ப் தினமும் என்று ஆனாலும் அதுவும் அதே சேதி.

அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக 'பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். இப்ராட்ரோபியம் பீட்டா-2 வழியில் போகாமல் வேறு நரம்பு வழியாகக் குழாயைத் தளர்த்துவது. நெபுலைசரில் அதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இன்னொன்று: மூச்சு லேசாகச் சரியில்லை என்று, மாதக்கணக்கில் சாப்பிட்ட பீட்டா பிளாக்கரை இன்று காலையே தூக்கி எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் எகிறி, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பு வரை போகலாம். டாக்டர் ஒன்று இரண்டு வாரத்தில் படிப்படியாக இறக்குவார்.

கூட்டு மாத்திரையின் வால் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஆபத்து தவிரும். பிரஷர் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்றால் பெரும்பாலும் அம்லோடிபின், 'எச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு. இரண்டும் மூச்சுக்குத் தொல்லை இல்லை. 'ஏடி' (AT) என்றால் அட்டெனலால். 'பீட்டா' என்று வெளிப்படையாகவே இருந்தால் கேட்கவே வேண்டாம். 'எம்' மட்டும் குழப்பும்: சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரையில் மெட்டோபுரோலால். 'எக்ஸ்எல்' என்பது மருந்தல்ல, மெதுவாகக் கரையும் தயாரிப்பு என்ற அடையாளம். கடையில் "அந்த கம்பெனி இல்லை, இது அதேதான்" என்று மாற்றிக் கொடுக்கும்போது பெரிய எழுத்துப் பெயர் ஒத்திருந்து வால் மட்டும் மாறியிருக்கலாம். எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறவும் செய்யும். ஆகவே வாலைச் சந்தேகப்படவும், உள்ளே என்ன என்பதைப் படித்து முடிவுசெய்யவும்.

இனி, நம்பி வாங்கக்கூடியவை. அம்லோடிபின் 2.5, 5, 10 மில்லிகிராம்: மூச்சுக்குழாய் விஷயத்தில் முழு மார்க். குறை, கணுக்கால் வீக்கம், 10-இல் அதிகம். சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். அந்த வீக்கத்தோடு மூச்சும் வாங்குகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை, சில நாளில் இரண்டு கிலோ கூடிவிட்டது என்றால் மாத்திரையைக் குற்றம் சொல்லாமல் இதயத்தைப் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமாகி வரும் மூச்சிரைப்பும் இழுப்புச் சத்தத்தோடு வந்து ஆஸ்துமா வேஷம் போடும். வெறும் வீக்கம் மட்டும் தொல்லை தந்தால் சில்னிடிபினுக்கு மாற்றுவது வழக்கம்.

டெல்மிசார்டன் 40: ஆஸ்துமாக்காரருக்கு அம்லோடிபினுக்குச் சரியான ஜோடி. இருமல் தராது என்பதே இதன் முக்கிய யோக்கியதை. தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்க்க வேண்டும், கர்ப்பத்தில் கூடாது.

'பிரில்' என்று முடிபவை, அதாவது ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில், இதயத்துக்கு அருமையான மருந்துகள். ஆஸ்துமாவைக் கிளப்புவதும் அபூர்வம். ஆனாலும் அரை மார்க்தான், காரணம் அந்த வறட்டு இருமல். இவை பிராடிகினின் என்ற பொருள் சிதைவதைத் தடுப்பதால் அது தேங்கி, தொண்டையில் இறகு வைத்து வருடியது போல இருமல் வருகிறது. ஆசியர்களுக்கு இது கூடுதல். ஆஸ்துமா நோட்டில் ஏற்கெனவே 'இருமல்' என்று எழுதியிருப்பதால் யாரும் மாத்திரையைச் சந்தேகப்படுவதில்லை. இருமல் சிரப், அப்புறம் பம்ப் அளவு கூட்டல், அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை, அதனால் பிரஷர் ஏற, 'பிரில்' அளவும் கூடுகிறது. வட்டம் முழுதாகிவிட்டது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: சளி இல்லை, இழுப்புச் சத்தம் இல்லை, பம்ப் அடித்தும் இருமல் குறையவில்லை, இருமும் நாளிலும் பீக் ஃப்ளோ எண் இறங்கவில்லை என்றால் சந்தேகம் மாத்திரை மேல். மாத்திரை தொடங்கி மாதங்கள் கழித்தும் வரலாம். நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் போகும், சிலருக்கு மூன்று மாதம். 'சார்டன்' வகைக்கு மாறிவிட்டால் இதயத்துக்கும் நஷ்டமில்லை. உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் அது இருமல் கதை அல்ல: உடனே ஆஸ்பத்திரி, பிறகு வாழ்நாளில் 'பிரில்' தொடக்கூடாது.

ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகளில், ஆஸ்துமாக்காரர் பக்கம் நின்று குறை சொல்ல ஒன்றுதான். அவை பொட்டாசியத்தை இறக்கும். நெபுலைசரில் அடிக்கடி ஏற்றும் சால்பியூட்டமாலும் இறக்கும், ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனும் இறக்கும். மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் துடிப்பு தடுமாறலாம். 12.5 மில்லிகிராம் அளவில் டெல்மிசார்டனோடு சேர்த்தால் ஓரளவு சமனாகும். ஆனால் கடுமையான இழுப்புக்குப்பின் ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துக்கொள்வது நல்லது, 3.5-க்குக் கீழே போகக்கூடாது.

துடிப்பைக் குறைக்க வேண்டும், பீட்டா பிளாக்கர் ஒத்துவரவில்லை என்றால் டில்டியசெம், வெரபமில் உண்டு. பம்பிங் குறைந்த இதயத்துக்கு இவை ஆகாது. தியோஃபிலின் கலந்த பழைய மூச்சு மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு, இவை தியோஃபிலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். குமட்டலும் படபடப்பும் வந்தால் அதுவாக இருக்கலாம். சீரான துடிப்பு உள்ளவருக்கு ஐவாப்ரடின் நுரையீரலைத் தொந்தரவு செய்யாத இன்னொரு வழி.

ஆஸ்பிரின் 75. இதைப் பலர் மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, 'ரத்தம் கரைக்கிறது' என்று தனியாகச் சொல்வார்கள். பெரும்பாலான ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மூக்கில் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமை, எப்போதும் அடைத்த மூக்கு, முன்பு வலி மாத்திரை போட்டு அரைமணியிலிருந்து மூன்று மணிக்குள் மூச்சு முட்டியது: இந்த நான்கில் எதுவும் இருந்தால் முதல் ஆஸ்பிரினை வீட்டில் விழுங்கக்கூடாது. மாற்று குளோபிடோக்ரெல் 75. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் அவசியம் என்றால், ஆஸ்பத்திரியில் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும் முறை இருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையோடு ஆஸ்பிரின் சேர்ந்த கேப்சூல்களும் ஏராளம். இங்கேயும் பொடி எழுத்துதான் சாட்சி.

ஸ்டென்டுக்குப் பின் தரும் டிகாக்ரெலரில் சிலருக்கு மூச்சு போதாதது போல ஓர் உணர்வு வரும், பெரும்பாலும் முதல் நாட்களில். குழாய் சுருங்கி வருவதல்ல, பீக் ஃப்ளோ அப்படியே இருக்கும். பயந்து நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். வேகத் துடிப்பை நிறுத்த ஊசியில் போடும் அடினோசின், ஆஸ்துமாவில் கடும் இழுப்பைக் கிளப்பக்கூடியது. இதய ஸ்கேனுக்கும் அதைப் பயன்படுத்துவார்கள். ஸ்கேன் படிவத்தில் 'ஆஸ்துமா உண்டா' என்ற கட்டத்தை வெறுமனே தாண்டக்கூடாது.

யாரும் எதிர்பார்க்காத இடம் கண். கண் அழுத்தத்துக்கான டிமோலால் 0.5% சொட்டு. இதுவும் 'லால்'தான், புரோப்ரனலால் போல இரண்டு ஏற்பியையும் அடைப்பது. கண்ணின் உள்மூலையில் இருக்கும் துளை வழியாக மூக்குக்கு இறங்கி, கல்லீரலைச் சுற்றாமல் நேரே ரத்தத்துக்குப் போகிறது. ஆஸ்துமாக்காரருக்கு ஒரு சொட்டே உயிருக்கு ஆபத்தாக முடிந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. உள்மூலையை விரலால் அழுத்திப் பிடித்தால் கசிவு குறையும் என்பது உண்மை. அதை நம்பி ஆஸ்துமாவில் போடலாம் என்பது இல்லை. லட்டனோபுரோஸ்ட் போன்ற வேறு சொட்டு இருக்கிறது. வேறு மருந்தோடு டிமோலால் கலந்த கூட்டுச் சொட்டுகளும் உள்ளன. பாட்டில் சின்னது, எழுத்து அதைவிடச் சின்னது, கண் மங்கியவர் கையில் அது. வீட்டில் வேறு யாராவது படித்துச் சொல்லவேண்டும்.

அட்டையை வெட்டி ஐந்து மாத்திரை மட்டும் வாங்கும்போது மருந்தின் பெயர் அச்சான பாதி கடையிலேயே தங்கிவிடும். பெயர் இருக்கும் பக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது முழு அட்டையையும் போனில் படமெடுத்துக்கொண்டு பிறகு வெட்டச் சொல்லுங்கள்.