க்ரூகர் காட்டில் காலைநடை: மூன்று மணி நேரமும் ஒரு சணல் கயிறும்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் மூன்று நாள் வண்டியில் சுற்றிவிட்டு, நாலாம் நாள் காலையில்தான் வழிகாட்டிகளோடு காட்டுக்குள் நடக்க மண்ணில் கால் வைத்தோம். முதல் நாளே இதைச் செய்திருக்கலாமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு வருத்தம். முன்பதிவை ஒரு ஏஜென்ட் மூலம் செய்தோம். 12 வயது ஆகாத பிள்ளைகளுக்கு இந்த நடையில் இடமில்லை என்பதை அவர் சொல்லவே இல்லை. நாலு பேருக்கும் பணம் வாங்கிக்கொண்டார். முகாமில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. என் மகளுக்குப் பத்து வயது. அவள் அழவில்லை, ஷூவின் நாடாவை மெதுவாக அவிழ்த்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. மனைவி அவளோடு தங்கிவிட, மச்சானும் நானும் மட்டும் கிளம்பினோம். விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு செய்யும் முன் பூங்கா நிர்வாகத்தின் விதிகளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாங்கள் தங்கியது ப்ரிட்டோரியஸ்கோப். க்ரூகரின் முகாம்களிலேயே பழையது, சுற்றிலும் கருங்கல் குன்றுகள். ஜூலை அங்கே குளிர்காலம். விடியும் முன்பே திறந்த வண்டியில் ஏற்றினார்கள். கம்பளியைக் காது வரை இழுத்துக்கொண்டு அரைமணி நேரம் போனோம். ஒரு குழுவில் அதிகபட்சம் எட்டுப் பேர்தான். ரைஃபிளோடு இரண்டு வழிகாட்டிகள், இருவருமே முன்னால் நடக்கிறார்கள். இறங்கியதும் சொன்னது கொஞ்சம்தான்: ஒற்றை வரிசை, பேச்சு கூடாது, எதையாவது காட்ட வேண்டுமானால் விரலைச் சொடுக்குங்கள், என்ன வந்தாலும் ஓடக் கூடாது.

நடக்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில் ஒன்று புரிந்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று மேய்ந்த இம்பாலா மான்கள், நடந்து வரும் மனிதனைக் கண்டால் இருநூறு மீட்டரிலேயே ஓடிவிடுகின்றன. வரிக்குதிரையும் அப்படித்தான். விலங்குகளை எண்ணிப் பார்க்க வேண்டுமானால் வண்டியே போதும்.

மூத்த வழிகாட்டியின் இடது கையில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. உள்ளே சலித்த சாம்பல். சில நிமிடத்துக்கு ஒருமுறை அதை லேசாக உதறுவார். புகை மாதிரி ஒரு இழை கிளம்பி ஒரு பக்கமாகச் சாயும். அவர் அதைப் பார்த்துவிட்டு நாங்கள் போகும் திசையையே மாற்றுவார். எங்கள் வாடை எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் கவனித்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சாம்பலால்தான் இரண்டு வெள்ளைக் காண்டாமிருகங்களுக்கு ஐம்பது மீட்டர் வரை போக முடிந்தது. எந்த இடம் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. நீங்கள் பார்த்தாலும் எழுதாதீர்கள், கள்ளவேட்டைக்காரர்களும் படிப்பார்கள். புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. வண்டியில் இருந்தால் எஞ்சின் அதை விழுங்கியிருக்கும். அவற்றுக்குக் கண் பார்வை மந்தம், காதும் மூக்கும் கூர்மை. முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த சிவப்பு அலகுப் பறவைகள் திடீரென்று கீச்சிட்டு எழும்பின. பெரியது தலையைத் தூக்கியது. சாம்பல் எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து முகத்தைத் தாண்டி முன்னால் போனது. காற்று மாறிவிட்டது. வழிகாட்டி உள்ளங்கையைப் பின்னால் காட்டினார். வந்த வழியே அடிமேல் அடிவைத்துப் பின்வாங்கினோம். அவருடைய ரைஃபிள் கடைசி வரை தோளைவிட்டு இறங்கவில்லை. நல்ல வழிகாட்டி என்பதற்கு இதைவிட எனக்கு அடையாளம் தெரியாது.

அப்புறம் ஒரு மரத்தடியில் வைத்துத்தான் மூச்சே வந்தது. 1890-களில் வேட்டையால் இந்தப் பகுதியில் வெள்ளைக் காண்டாமிருகம் ஒன்றுகூட மிஞ்சாமல் போயிற்று. 1961 முதல் அதே நாட்டின் இன்னொரு காடான உம்ஃபொலோஸியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள் என்றார் மூத்த வழிகாட்டி. வழியில் வெள்ளை, கறுப்பு என இரண்டு வகைக் காண்டாமிருகங்களின் விட்டையையும் உடைத்துக் காட்டினார். வெள்ளைக் காண்டாமிருகத்தினுடையது முழுக்கப் புல். கறுப்பினுடையதில் கத்தரியால் சாய்த்து வெட்டியது போலக் குச்சித் துண்டுகள்.

இலந்தைக் குடும்பத்து மரம் ஒன்றில் முட்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒன்று நேராக, மற்றொன்று கொக்கி போல வளைந்து. மச்சானின் சட்டைக் கையை அது பிடித்துக்கொண்டபோது விடுவிக்க ஒரு நிமிடம் ஆனது. உள்ளூரில் அதன் பெயரே 'கொஞ்சம் பொறு' மரம். மணலில் குழியானைக் குழிகளும் இருந்தன. நாம் யானை என்று பெயர் வைத்த அந்தப் பூச்சியை அவர்கள் எறும்புச் சிங்கம் என்கிறார்கள்.

திரும்பும் வழியில் புழுதியில் ஆண் யானையின் முன்கால் தடம். தேய்ந்த குதிகால், வயசான யானை என்றார். பையிலிருந்து சணல் கயிறு எடுத்துத் தடத்தைச் சுற்றி வைத்து, சரியாக அந்த நீளத்துக்கு அறுத்தார். இதைப் போல இரண்டு மடங்குதான் ஏறக்குறைய அதன் தோள் உயரம் என்றார். என் மகளைப் பற்றி வண்டியிலேயே சொல்லியிருந்தேன். கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பூங்காவின் தினசரிக் கட்டணம் தனி, நடைக்கான கட்டணம் தனி. மங்கிய நிற உடை, முழுநீளக் கால்சட்டை, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. க்ரூகர் மலேரியாப் பகுதி என்பதால் கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சிங்கத்தைப் படமெடுக்க மட்டும் போகிறீர்கள் என்றால் இந்தக் காலைநேரத்தை வண்டிக்கே கொடுங்கள். நடை பிடித்துவிட்டால் மூன்று இரவு காட்டிலேயே தங்கி நடக்கும் பாதைகளும் உண்டு. அவற்றில் முதலாவதான வோல்ஹூட்டர் பாதை 1978-இல் தொடங்கியது. அடுத்த முறை எனக்கு அதுதான்.

முகாமுக்கு வந்ததும் குடிலுக்கு முன்னால் இருந்த மரத்தில் மகள் கயிற்றை வைத்து ஒருமுறை அளந்தாள். அது முடிந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, இரண்டாவது முறைக்கு என் தோளில் ஏறினாள். அப்போதும் நுனிக்குக் கை எட்டவில்லை, எம்பினாள். இறங்கியதும் கயிற்றை ஷூவுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டு ஆக இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டாள்.